கல்யாணத்தில் பேசுகிறவர் யார்?

மங்களூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. மங்களூர் என்றதும் வாசகர்கள் கன்னடக் கடற்கரையையும் சிவப்பு ஓடுகளையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கடலூர் மாவட்டத்து மங்களூர், திட்டக்குடிப் பக்கம். அந்த மங்களூர் ஓட்டுக்குப் பெயர் போனது என்றால், இந்த மங்களூருக்குக் கிழக்கே பீங்கானுக்குப் பெயர் போன விருத்தாசலம் இருக்கிறது. முகூர்த்தம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், வரவேற்பு விருத்தாசலத்தில். மணவாளன் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் கல்யாணம் நடப்பது பொருத்தந்தான்.

பத்திரிகையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். இரண்டும் ஒன்றையே சொல்வதாகத்தான் அச்சிட்டவர் நினைத்திருப்பார். நிதானமாகப் படித்துப் பார்த்தால் அப்படி இல்லை. தமிழ்ப் பக்கத்தில் தாத்தா பாட்டியின் ஆசி இருக்கிறது. தாய்மாமன்மார் வரிசையாக நிற்கிறார்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டார் எல்லோரும் இருக்கிறார்கள். 'பெரியோர்கள் நிச்சயித்தபடி' என்ற இரண்டு சொற்களில் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆங்கிலப் பக்கத்திலோ அத்தனை பேரும் காணாமற் போய்விட்டார்கள். தகப்பனார், தாயார், பெண், பிள்ளை, தேதி, மணி, இடம். அவ்வளவுதான்.

இது இடப் பற்றாக்குறையால் வந்த வித்தியாசம் அல்ல, சொற்களால் வந்தது. தாய்மாமனுக்கென்று ஆங்கிலத்தில் தனிப் பெயர் கிடையாது. அங்கிள் என்ற ஒரே பையில் பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரையும் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கணவனின் தம்பியான கொழுந்தனும், மனைவியின் சகோதரனான மைத்துனனும், மனைவியின் தங்கையை மணந்த சகலையும் அந்த மொழியில் ஒரே ஆள். இரண்டு ஓரகத்திகள் ஒரு வீட்டில் படுகிற பாட்டை வைத்து நம்மவர்கள் நூறு கதைகள் எழுதலாம். ஆங்கிலக் கதாசிரியன் முதலில் ஓரகத்தி என்றால் யார் என்று ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும். சம்பந்தி என்பதற்கு ஸ்பானிய மொழியில் சொல் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. பிள்ளையைப் பெற்றவரும் பெண்ணைப் பெற்றவரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதைப் பற்றி அந்த மொழி கவலைப்பட்டதே இல்லை.

நம்முடைய மொழியோ கல்யாணத்துக்கு முன்பே கல்யாணத்தைச் செய்து வைத்துவிடுகிறது. அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா. அக்காள் மகனும் மருமகன். மகளைக் கட்டியவனும் மருமகன். லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1953-இல் எழுதிய ஒரு கட்டுரையில், திராவிட மொழிகளின் உறவுப் பெயர்கள் எல்லாமே கல்யாண ஏற்பாட்டின் வெளிப்பாடு என்று விளக்கினார். அவர் ஆராய்ந்து சொன்னது நம் பாட்டிமார் ஆராயாமலே அறிந்ததுதான். 'முறை' என்ற ஒரு சொல்லில் அவர்கள் அதை முடித்துவிடுவார்கள்.

ஆங்கிலச் சொற்களையும் சற்றுத் திறந்து பார்ப்போம். அவர்களுடைய கல்யாணச் சொற்கள் பலவற்றில் பழைய குடும்பச் சரித்திரம் உறங்குகிறது. ஹஸ்பண்ட் என்றால் ஆதியில் கணவன் அல்ல, வீட்டுக்குடையவன். வட நாட்டுக்காரர்களின் நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல் அது. ஒய்ஃப் என்றால் வெறுமனே பெண்பிள்ளை. ஆக, அவன் வீட்டுக்குச் சொந்தக்காரன், அவள் ஒரு ஸ்திரீ! பிரைடல் என்ற அழகான சொல், கல்யாணத்தன்று குடித்த பார்லி மதுவைக் குறித்துப் பிறந்தது. வெட்லாக் என்பதில் பூட்டு இருப்பதாக நினைத்து நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் வேடிக்கை பேசுவதுண்டு. அதில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. வெட் என்றால் வாக்குறுதி. லாக் என்பது தொழிலைக் காட்டும் பழைய விகுதி. ஹனிமூன் என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டில் வழங்கத் தொடங்கியபோது அதில் தேன் மட்டும் இல்லை, தேய்பிறையும் இருந்தது. புது மணமக்களின் அன்பு முழுநிலாவைப் போலத் தேயத் தொடங்கும் என்ற கேலி அது. நாம் தேனிலவு என்று மொழிபெயர்த்தபோது தேய்பிறையை மரியாதையாக விட்டுவிட்டோம். ஸ்பின்ஸ்டர் என்றால் நூல் நூற்பவள். கல்யாணமாகாத பெண்ணுக்கு இங்கிலாந்தின் சட்டப் பதிவேடுகளில் அதுவே பெயராக இருந்தது. 2005-இல்தான் அதை எடுத்துவிட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ஒரே சொல்லைப் போட்டார்கள்.

இந்தச் சொற்களுள் வெட் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. வாக்குறுதி என்றால் வாக்குக் கொடுக்கிறவர் வேண்டும். அந்த வாக்கைக் கொடுப்பது யார்?

தேசங்கள் தோறும் கல்யாணச் சடங்குகளை விவரிக்கிற புத்தகங்கள் பல இருக்கின்றன. ஆடை, மாலை, விருந்து, மோதிரம் என்று வரிசையாக அடுக்குவார்கள். என்னைக் கேட்டால், எந்தச் சடங்கானாலும் ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: அந்த மேடையில் பேசுகிறவர் யார்? ஜப்பானில் ஷின்டோ முறைப்படி நடக்கும் மணத்தில் மூன்று கிண்ணங்களில் அரிசி மதுவை மும்மூன்று மிடறாக இருவரும் அருந்துகிறார்கள். அந்தக் கட்டத்தில் கிண்ணந்தான் பேசுகிறது. யூதர் மணப்பந்தலில் மாப்பிள்ளை பேசுகிறான். அவன் பெண்ணுக்குச் செய்ய வேண்டிய கடமைகளை எழுதிய ஒப்பந்தத்தை எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கிறார்கள். முஸ்லிம்களின் நிக்காஹ்வில் பெண்ணின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். மஹர் இவ்வளவென்று பேசப்பட வேண்டும். ஆங்கிலத் திருச்சபையில் 1549-ஆம் வருஷத்துப் பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்தே, பாதிரியார் பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியாகக் கேட்கிறார். இருவரும் தனித்தனியாக வாய் திறந்து சம்மதம் சொல்கிறார்கள்.

நம்முடைய பந்தலில் என்ன நடக்கிறது? முகூர்த்த நேரம் நெருங்குகிறது. 'கெட்டிமேளம்! கெட்டிமேளம்!' என்று யாரோ கையை ஆட்டிக் கத்துகிறார்கள். நாகஸ்வரமும் தவிலும் கூரையைத் தூக்குகின்றன. யாராவது தும்மினாலும் கேட்கக் கூடாது, அபசகுனமான பேச்சு எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மாதா கோயிலில் எந்தக் கணத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும்படி எல்லோரும் மௌனமாகி ஒரு பெண்ணின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்களோ, அதே கணத்தில் நாம் எந்தச் சொல்லும் கேட்காதபடி மேளத்தை முழக்குகிறோம். புரோகிதர் மந்திரம் சொல்கிறார். மாப்பிள்ளை தெரிந்ததும் தெரியாததுமாகத் திருப்பிச் சொல்கிறான். பெண் தலை குனிந்திருக்கிறாள். புரோகிதர் இல்லாமல் நடக்கும் மணங்களிலும் ஊர்ப் பெரியவர்தான் பேசுகிறார்.

இதைச் சொல்வது மேளத்தைக் குறை கூறுவதற்காக அல்ல. கெட்டிமேளம் இல்லாத கல்யாணத்துக்குப் போனால் எனக்கும் ஏதோ குறைந்தாற்போலத்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்தது நாவலைப் பற்றி.

ஆங்கில நாவல் மாதா கோயில் வாசலில் முடிகிறது. தமிழ் நாவல் கல்யாணப் பந்தலில் தொடங்குகிறது. இதை நம் விமர்சகர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ஜேன் ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-இல் வந்தது. அதன் கதை முழுவதும் எலிஸபெத் என்ற பெண் ஒருவனிடம் முடியாது என்கிறாள், இன்னொருவனிடம் முதலில் முடியாது என்று சொல்லிப் பிறகு சரி என்கிறாள் என்பதுதான். அந்தச் 'சரி' வந்ததும் கதைக்கு வேலை இல்லை. அந்தப் பெண்ணுக்கும் அதற்குமேல் வேலை வைக்கவில்லை அந்த நாட்டுச் சட்டம். மணமான பெண்ணுக்குத் தனியாகச் சொத்துரிமை முழு அளவில் கிடைத்தது 1882-ஆம் வருஷத்துச் சட்டத்தால்தான். அதுவரை, பாதிரியார் முன் சொன்ன ஒரு சொல்லோடு அவளுடைய குரல் கணவனுடைய குரலுக்குள் மறைந்து போயிற்று. வாய் திறக்க அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தைச் சுற்றி நாவலாசிரியர்கள் மூன்று பாகம் எழுதினார்கள். ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' போல, கல்யாணத்தை முன்னால் வைத்து அதன் பிறகு நடப்பதைப் பார்த்த பெரிய நாவல்களும் உண்டு. ஆனாலும் பொது வழக்கம் அதுதான்.

நம் நாவல் ஆங்கிலத்தைப் பார்த்துப் பிறந்தது என்று சொல்வது வழக்கம். உருவத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் அந்த முடிவை மட்டும் நம்மவர்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எட்டு வயதிலும் பத்து வயதிலும் கல்யாணமாகிவிடுகிற பெண்ணை வைத்துக்கொண்டு காதல் நாவல் எழுதுவது எப்படி? 14 வயதுக்குள் பெண்ணுக்கு மணம் செய்யக் கூடாது என்ற சாரதா சட்டம் 1929-இல்தான் நிறைவேறியது. ஆகவே முதல் நாவலாசிரியர்கள் வேறு வழி கண்டார்கள். வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாளின் பெரிய சாகசம் கல்யாணத்துக்குப் பின்னால்தான் வருகிறது: ஆண் வேஷத்தில் ஒரு தேசத்தையே ஆளுகிறாள். ராஜமையரின் கமலாம்பாள் கதை தொடங்கும்போதே பல வருஷங்கள் குடித்தனம் செய்தவள். அவள் மகள் லட்சுமிக்கும் ஸ்ரீநிவாசனுக்கும் இடையே உண்டாகிற அன்பு, பால்ய விவாகத்துக்குப் பின் மெல்ல முளைப்பது. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்தில் மணத்துக்குப் பின் கணவனின் மனத்தில் புகுகிற சந்தேகந்தான் கதையின் முள். அவருடைய 'முத்துமீனாக்ஷி'யில், 1903-இலேயே, சிறு வயதில் விதவையாகிவிட்ட ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள்.

கொளஞ்சியப்பர் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தீராத குறை உள்ளவர்கள் அதைக் காகிதத்தில் எழுதிச் சுவாமிக்கு முன்னால் வைத்துக் கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். ஊர்ப் பெரியவர்களிடம் வாய் விட்டுச் சொல்ல முடியாதது அந்தக் காகிதத்தில் ஏறிவிடும். நம்முடைய ஆரம்ப நாவல்கள் எனக்கு அப்படித்தான் தோன்றுகின்றன. பந்தலில் கேட்கப்படாத பெண்ணின் பேச்சை நாவலாசிரியர்கள் பிறகு எழுதிக் கட்டினார்கள். கல்கியின் 'தியாகபூமி' 1939-இல் வந்தபோது அந்தப் பிராது உண்மையாகவே கோர்ட்டுக்குப் போயிற்று. கைவிட்ட கணவன் தாம்பத்திய உரிமையை மீட்டுத் தரும்படி வழக்குப் போடுகிறான். சாவித்திரி, அவனுக்கு ஜீவனாம்சம் வேண்டுமானால் தருகிறேன், சேர்ந்து வாழ மாட்டேன் என்கிறாள். தாம்பத்திய உரிமை மீட்பு என்பதே இங்கிலாந்தின் பழைய மதக் கோர்ட்டுகளிலிருந்து இங்கே வந்த சரக்கு. அவர்கள் அதை 1970-இல் ஒழித்துவிட்டார்கள். நம் 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் அது உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலக் கல்யாணச் சொற்கள் தமிழுக்குள் காதல் கதை வழியாக மட்டும் நுழைந்தன என்று எண்ணுகிறவர்கள் கோர்ட்டு வாசலையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்த வீட்டு மலையாளத்தில் நடந்தது வேறு. சம்பந்தம் என்ற ஒரே சொல் நமக்கு இரண்டு வீடுகளின் உறவு; நாயர் குடும்பங்களில் அது ஆணும் பெண்ணும் கொள்ளும் உறவுக்கே பெயராக இருந்தது. சந்து மேனனின் 'இந்துலேகா' 1889-இல் வெளிவந்தது. அதில் வயது வந்த, படித்த நாயர்ப் பெண் ஒருத்தி, தேடி வந்த நம்பூதிரியை வேண்டாமென்று சொல்லித் தான் விரும்பியவனை மணக்கிறாள். ஆங்கில நாவலின் முடிவு அங்கே சிரமமில்லாமல் பொருந்திற்று. திறமை வித்தியாசத்தால் வந்தது அல்ல இது. மறுக்கும் வயதில் ஒரு கதாநாயகி மேனனுக்குக் கிடைத்தாள், நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி, தமிழர்கள் கல்யாணம் என்றதும் நினைத்துக்கொள்கிற நாவலுக்கு வருவோம். சாவி 'வாஷிங்டனில் திருமண'த்தை 1963-இல் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். கோபுலு படம் போட்டார். தஞ்சாவூர் ஜில்லாக் கல்யாணம் ஒன்றை ஒன்று விடாமல் அமெரிக்கத் தலைநகரில் நடத்திப் பார்க்க வேண்டும் என்று ராக்ஃபெல்லர் குடும்பத்துச் சீமாட்டி ஆசைப்படுகிறாள். அப்பளம் இடுவதற்குப் பாட்டிமார் விமானமேறுகிறார்கள். ஜானவாசத்துக்குக் காஸ் லைட் தூக்க நரிக்குறவர்கள் போகிறார்கள். சம்பந்திச் சண்டை கூட உண்டு. அது இல்லாமல் கல்யாணம் பூர்த்தியாகுமா?

இந்த நாவலை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாவி கண்டுபிடித்த யுக்தி மிகவும் புத்திசாலித்தனமானது. நமக்குப் பழகிப் போன ஒவ்வொரு சடங்கையும் ஒன்றும் தெரியாத ஒருத்திக்கு விளக்கியாக வேண்டிய கட்டாயத்தை அவர் உண்டாக்கினார். நலங்கையும் ஊஞ்சலையும் எந்த ஆங்கிலச் சொல்லால் சொல்வது? மங்களூர்ப் பக்கத்தில் பந்தலில் அடுக்குகிற அரசாணிப் பானையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பும் காவியும் பூசிய அந்த மண் பானையை ஆங்கிலத்தில் பாட் என்று சொல்லிவிட்டால், குயவர் வீட்டிலிருந்து அது வந்த மரியாதை எங்கே போயிற்று? விளக்கம் கேட்கிறவர் ஒருவர் வந்து நின்றதும் நம் சடங்குகள் நமக்கே புதிதாகின்றன. சாவியின் சிரிப்பில் ஏளனம் இல்லை, பிரியம் இருக்கிறது. இத்தனை வருஷங்கள் அது வாழ்வதற்குக் காரணம் அதுவே.

ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த நாவலைப் படித்தவர்களிடம் மாப்பிள்ளையின் பெயரும் பெண்ணின் பெயரும் என்னவென்று கேளுங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள். அப்பளப் பாட்டிமாரும் சீமாட்டியும் ஞாபகம் இருப்பார்கள். யாருக்காக அத்தனை விமானங்கள் பறந்தனவோ, அந்த இரண்டு பேர்தாம் கதையில் மங்கலாக இருக்கிறார்கள். இது சாவியின் குறையா? ஒரு வகையில் குறைதான். பெண்ணுக்கு ஒரு தனி மனத்தைக் கொடுத்திருந்தால் புத்தகம் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும். இன்னொரு வகையில் பார்த்தால், அவர் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். கல்யாணத்தைக் கடல் கடத்திக் கொண்டுபோக என்னென்ன வேண்டும் என்று ஜாபிதா போட்டார்கள்; அதில் பெண்ணின் பேச்சு சேரவில்லை. அது இங்கேயே பந்தலில் இருந்ததில்லையே!

தமிழில் காதல் பேச்சே கிடையாதா, சங்கக் கவிதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. களவு என்று ஒரு வாழ்க்கையையே வகுத்துத் தலைவியையும் தோழியையும் ஓயாமல் பேச வைத்த மொழி இது. அகநானூற்றில் 86-ஆம் பாட்டு ஒரு கல்யாணத்தை விவரிக்கிறது. உளுந்து கலந்த பொங்கல் விருந்து, பந்தலின் கீழே புது மணல், விளக்கு. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் இட்ட நீரைச் சொரிந்து வாழ்த்துகிறார்கள். தீயும் இல்லை, புரோகிதரும் இல்லை. அன்று இரவு கணவன் அவளிடம், உன் மனத்தில் என்ன நினைத்தாய், சொல் என்று கேட்கிறான். அவள் மகிழ்ச்சியோடு முகம் தாழ்த்துகிறாள். பதில் பாட்டில் இல்லை. களவில் அத்தனை பேசியவள் கல்யாணத்தன்று ஏன் பேசவில்லை என்று பண்டிதர்கள் நாணத்தைக் காரணம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கேட்கத் தோன்றியதே அவனுக்கு! அதற்காகவே அந்தப் பாட்டை நான் மதிக்கிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் நம் இலக்கியத்தை முந்திக்கொண்டு விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சுயமரியாதைத் திருமணங்களை ஏற்றுக்கொண்டு தமிழ்நாடு சட்டசபை 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு, மணம் செல்லுபடியாவதற்குப் புரோகிதர் வேண்டாம் என்கிறது. மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றோடு இன்னொரு வழியையும் அது சொல்கிறது: இருவருக்கும் புரிகிற ஒரு மொழியில், இவரை நான் ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் போதும். 2023-இல் உச்ச நீதிமன்றம், அதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியங்கூட இல்லை என்று தீர்ப்பளித்தது. மேளமும் வேண்டாம், பந்தலும் வேண்டாம். இரண்டு பேர், ஒரு மொழி, ஒரு வாக்கியம்.

இருவருக்கும் புரிகிற மொழி என்று சட்டம் எழுதுவோர் சாதாரணமாகப் போட்டுவிட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு அதுதான் பெரிய கஷ்டம். மாமனுக்கும் சகலைக்கும் நாத்தனாருக்கும் பெயர் வைத்த நம் மொழியில், கல்யாணத்துக்கு முன் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் கேட்டு ஒப்புக்கொள்கிற காரியத்துக்குப் பேச்சு வழக்கில் இன்னும் சொல் அமையவில்லை. ப்ரபோஸ் என்கிறார்கள். நிச்சயதார்த்தம் என்பது இரண்டு வீடுகள் செய்வது. அந்த இடம் வருகிறபோது நம் கதாநாயகி சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவுவதை இன்றைய கதைகளில் எத்தனையோ முறை பார்க்கிறோம். அது நாகரிக மோகம் என்று கண்டிப்பது எளிது. ஆங்கிலத்தில் சொல்லும்போது அவள் இரண்டு வீட்டாருக்கும் நடுவே நிற்காமல், தன் காலில் நிற்கிறாள். தமிழில் சொன்னால் அத்தையும் மாமாவும் கூடவே வந்து நின்றுகொள்கிறார்கள். அதுதான் உண்மையான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர்களைத் துரத்திவிட வேண்டுமென்பதில்லை. ஓரகத்தியையும் சம்பந்தியையும் இழந்தால் நம் நாவல் பாதி உயிரை இழந்துவிடும்; இங்கிலீஷ்காரர்களுக்கு இல்லாத செல்வம் அது. அவர்களெல்லாம் கூடத்திலே இருக்கட்டும், காபி சாப்பிடட்டும், சண்டை கூடப் போடட்டும். அதற்கு நடுவில் ஒரு பெண் தன் மனத்தில் இருப்பதைத் தமிழிலேயே, தனக்கும் அவனுக்கும் புரிகிற தமிழில், ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது 'சரி' ஆகவும் இருக்கலாம், 'முடியாது' ஆகவும் இருக்கலாம். அந்த வாக்கியத்தை நம்பும்படியாக எழுதுகிற ஆசிரியர், மேளச் சத்தத்தையும் மீறி அது நம் காதில் விழும்படி செய்துவிடுவார். அகநானூற்றுத் தலைவன் கேட்ட கேள்வி அவருக்காகக் காத்திருக்கிறது.